லிஸ்ட் பழசு, லாரி புதுசு: அக்கா மக லேப்டாப்புல லினக்ஸ் போட்ட அனுபவம்

நான் இருக்கிறது மலேசியாவுல சுங்கை சிப்புட். வேலை செம்பனை மில்லுல, லாரி எடை போடுற ஆபீஸ்ல கிராணி, அதாவது கிளார்க். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் எங்க தாமான் (குடியிருப்பு) பக்கத்துல இருக்கிற கோயில் மண்டபத்துல தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிறேன், ஆறு வருஷமாச்சு. அங்க இருக்கிற 8 லேப்டாப்பும் ஆபீஸுங்கள்ல கழிச்சுப் போட்டது, சிலதெல்லாம் 2012, 2013 மாடல், 4 ஜிபி ராம்தான், எல்லாத்துலயும் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ல ஒரு வகையான டெபியன் 12 போட்டு, எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான டெஸ்க்டாப் வச்சிருந்தோம். ஒண்ணுல கூட வைஃபை வரல, சவுண்ட் வரலன்னு ராத்திரி முழிச்சது கிடையாது. யூஎஸ்பிய குத்துவேன், அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், பிள்ளைங்க உட்கார்ந்து தமிழ்ல டைப் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. அதனால லினக்ஸ்னா எதுல போட்டாலும் இப்படித்தான் ஓடும்னு எனக்குள்ள ஒரு நம்பிக்கை ஊறிப்போச்சு.

2025 மார்ச்ல அக்கா மக புது லேப்டாப்போட வந்தா. ஏப்ரல் கடைசியில ஈப்போவுல டிப்ளோமா ஆரம்பம், கம்ப்யூட்டர் படிப்பு. அக்கா பள்ளிக்கூட கேண்டீன்ல வேலை செஞ்சு கொஞ்சம் கொஞ்சமா சேர்த்த 3,800 வெள்ளி (ரிங்கிட்) அது. மார்க்கெட்டுக்கு வந்து சில வாரம்தான் ஆன மாடல், கடையில அதத்தான் காட்டியிருக்காங்க, புதுசுதானே நல்லதுன்னு அக்காவும் வாங்கிட்டாங்க. "மாமா, கிளாஸ்ல இருக்கிற மாதிரியே இதுலயும் போட்டுக் குடுங்க"ன்னு கேட்டா. படிவம் 2-லேர்ந்து என் கிளாஸ்ல உட்கார்ந்த பொண்ணு, அவளுக்கு லினக்ஸ்தான் பழக்கம், எனக்கு அதைக் கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் நல்ல மழை. டெபியன் 12 யூஎஸ்பிய போட்டு லைவா பூட் பண்ணினேன், அதாவது டிஸ்க்ல எதையும் போடாம யூஎஸ்பிலேர்ந்தே ஓட்டினேன். டெஸ்க்டாப் வந்துச்சு, ஆனா எழுத்தெல்லாம் பெருசு பெருசா மங்கலா இருக்கு, டச்பேட்ல விரலை வச்சா அம்பு நகரல, வைஃபை லிஸ்ட்டே இல்ல, பிரைட்னஸ் குறைக்க முடியல, சவுண்ட்ல டம்மி அவுட்புட்னு மட்டும் இருக்கு, ஒண்ணுமே செய்யாம சும்மா இருக்கிறப்பவே ஃபேன் சத்தம் போடுது. மெலிசான மெஷின், லேன் ஓட்டையும் கிடையாது. கீபோர்டு மட்டும் வேலை செஞ்சுது. அக்கா அடுப்படி வாசல்ல நின்னு பாத்துட்டு, "டேய் தம்பி, புது மெஷினுடா, ஏதும் ஆயிடுச்சா?"ன்னாங்க. ஒண்ணும் ஆகலக்கா, இன்னும் உள்ள எதையும் தொடலன்னு சொன்னேன், யூஎஸ்பிய உருவி விண்டோஸ்ல திறந்து காட்டின பிறகுதான் அவங்களுக்கு மூச்சு வந்துச்சு.

ஏன் இப்படின்னு அக்காவுக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கயும் சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா மீதி எல்லாம் புரியும். எங்க மில்லு கேட்டுல ஜாகா (காவலாளி) கையில ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல இருக்கிற லாரி நம்பரைத்தான் உள்ள விடுவாரு. நேத்து வாங்கின புது லாரி வந்தா நிறுத்திடுவாரு, லாரியில பழுது ஒண்ணும் இல்ல, லிஸ்ட்தான் பழசு. லினக்ஸோட கருவான கர்னல் உள்ளயும் அப்படித்தான். ஒரு சிப்பை ஓட்டுற மென்பொருளுக்கு டிரைவர்னு பேரு, ஒவ்வொரு டிரைவர்லயும் எந்தெந்த சிப்பு நம்பருக்கு நான் பொறுப்புன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இல்லாத நம்பர் வந்தா யாரும் அதைத் தொட மாட்டாங்க. விண்டோஸுக்கு டிரைவரை கம்பெனிக்காரங்களே ஃபேக்டரியில போட்டு அனுப்பிடறாங்க, லினக்ஸ்ல பெரும்பாலும் டிரைவர் கர்னலோடயே சேர்ந்து வருது, அதனால கர்னல் எவ்வளவு புதுசோ அவ்வளவுதான் அதுக்கு ஆளைத் தெரியும். டெபியன் 12 வெளிவந்தது 2023 ஜூன் 10, அதுல இருக்கிற 6.1 கர்னல் 2022 டிசம்பர்ல வந்தது. அக்கா மக மெஷின்ல இருந்த சிப்பு அதுக்கெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. பொறக்காத பிள்ளையோட பேரை லிஸ்ட்ல யாரு எழுத முடியும்?

டச்பேட் ஏன் செத்துக் கிடக்குன்னுதான் எனக்கு முதல்ல பிடிபடல. பழைய லேப்டாப்ல டச்பேட் பிஎஸ்-2 வழியா போகும், எந்த கர்னலுக்கும் தெரியும். இப்ப வர்றதுல பெரும்பாலும் ஐ-ஸ்கொயர்-சி வழியா போகுது, அதுக்கு மெயின் சிப்போட பின்களைக் கவனிக்கிற டிரைவர் முதல்ல எந்திரிக்கணும், அது எந்திரிக்கலன்னா டச்பேட் இருக்கிறதே கர்னலுக்குத் தெரியாது. கோயில் மண்டபத்துலேர்ந்து ஒரு யூஎஸ்பி மவுஸை எடுத்துட்டு வந்துதான் மேல வேலை பாத்தேன். இப்ப என் பையில எப்பவும் ஒரு வயர் மவுஸ், ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர், டேட்டா போற நல்ல கேபிள் ஒண்ணு, இது மூணும் இல்லாம புது மெஷின் பக்கம் போறதில்ல.

இன்டர்நெட் இல்லாம எப்படி டிரைவர் இறக்குறதுன்னு முழிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஆண்ட்ராய்டு ஹேண்ட்போனை கேபிள்ல சொருகி, போன் செட்டிங்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. பழைய கர்னலுக்குக் கூட அது ஒரு சாதாரண நெட்வொர்க் கார்டு மாதிரி தெரியும், உடனே லைன் கிடைச்சிடும். போன் வைஃபைல இருந்தாலும் அதே லைன் கேபிள் வழியா வரும், டேட்டா காசு போகாது. இந்த ஒரு விஷயம் தெரியாம எத்தனையோ பேரு பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க.

அடுத்தது மெஷின் உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும். டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ கட்டளைய என்-என், கே ரெண்டு ஆப்ஷனோட அடிச்சா ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு நம்பர் வரும், நாலு எழுத்து, நடுவுல ரெண்டு புள்ளி, இன்னும் நாலு எழுத்து. முதல் நாலு தயாரிப்பாளர், பின்னாடி நாலு அந்த சிப்பு. அதுக்குக் கீழ எந்த டிரைவர் பாத்துக்குதுன்னு ஒரு வரி இருக்கணும், அந்த வரி இல்லன்னா அந்த சிப்புக்கு ஆள் இல்லன்னு அர்த்தம். நான் எல்லா நம்பரையும் ஒரு நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்சேன். மாடல் பேரைத் தேடறத விட இந்த நம்பரைத் தேடினாத்தான் சரியான பதில் வரும், ஏன்னா ஒரே மாடல் பேர்ல ஒரு நாட்டுக்கு ஒரு வைஃபை கார்டு, இன்னொரு நாட்டுக்கு வேற கார்டு போட்டு விக்கிறாங்க.

இந்த இடத்துல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லணும். லினக்ஸ் போடணும்னா செக்யூர் பூட்டை (நம்பகமான கையெழுத்து இல்லாததை பூட் பண்ண விடாத காவல்) ஆஃப் பண்ணணும்னு பழைய பழக்கத்துல பயாஸுக்குள்ள (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுறது) போய் ஆஃப் பண்ணிட்டேன். அப்புறம் விண்டோஸைத் திறந்தா நீலமா ஒரு ஸ்கிரீன், விண்டோஸோட டிஸ்க் பூட்டான பிட்லாக்கருக்கு ரெக்கவரி கீ குடுன்னு கேக்குது, 48 இலக்கம். டிஸ்க் முழுக்க பூட்டி இருக்குன்னு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கடையில செட்டப் பண்ணினப்போ போட்ட அக்கவுண்ட் பாஸ்வேர்டு அவளுக்கு ஞாபகம் இருந்ததால என் போன்லேர்ந்து அந்த அக்கவுண்டுக்குள்ள போய் கீயை எடுத்து ஒவ்வொரு இலக்கமா அடிச்சோம். அவ நம்பரைப் படிக்க நான் அடிக்க, கை நடுங்குச்சு எனக்கு, அக்காவோட காசாச்சே. உண்மையில ஆஃப் பண்ணவே தேவை இல்ல, டெபியன் 2019-ல வந்த 10-ஆம் பதிப்புலேர்ந்தே செக்யூர் பூட்டோட ஓடுது, ஃபெடோரா, உபுண்டுங்கிற மத்த லினக்ஸ் வகைகளும் அப்படித்தான். அதனால முதல் வேலை அந்த 48 இலக்கத்தை எடுத்து பேப்பர்ல எழுதி வைக்கிறது, அப்புறம்தான் பார்ட்டிஷன், பயாஸ் எதையும் தொடணும்.

சரி, மறுபடி டெபியனுக்கு வரேன். கிளாஸ்ல இருக்கிறதேதான் அவளுக்கு வேணும்னு பிடிவாதமா டெபியன் 12-ஐயே இன்ஸ்டால் பண்ணி, பழைய டெபியனுக்குப் புதுத் தொகுப்பு குடுக்கிற பேக்போர்ட்ஸ்லேர்ந்து 6.12 கர்னலைப் போட்டேன். டச்பேட் உசுரு வந்துச்சு. வைஃபை டிரைவர் எந்திரிச்சுது, ஆனா லைன் இல்ல. கர்னலோட குறிப்பேடான டிமெசேஜ் லாக்ல தேடினா ஃபேர்ம்வேர் லோட் ஆகல, எரர் மைனஸ் 2-ன்னு ஒரு வரி. மைனஸ் 2-ன்னா பயங்கரமா ஒண்ணும் இல்ல, அந்தப் பேர்ல ஃபைலே இல்லன்னு அர்த்தம். டிரைவர் வேற, ஃபேர்ம்வேர் வேற. டிரைவர் கர்னலுக்குள்ள இருக்கும், ஃபேர்ம்வேர் சிப்புக்குள்ள ஏத்த வேண்டிய தனி ஃபைல், அது லினக்ஸ்-ஃபேர்ம்வேர்ங்கிற தனித் தொகுப்புல வருது. கர்னலை மட்டும் புதுசாக்கி ஃபேர்ம்வேரைப் பழசாவே விட்டா இந்தக் கதிதான். லாக்ல எந்த ஃபைல் பேர் வருதோ அதே பேர்ல புதுத் தொகுப்புலேர்ந்து எடுத்து ஃபேர்ம்வேர் ஃபோல்டர்ல வச்சேன், ரீபூட், வைஃபை வந்துச்சு. அக்கா மக கைதட்டினா.

கிராஃபிக்ஸ்தான் என்னை வாட்டி எடுத்துச்சு. அதுக்கும் ஃபேர்ம்வேர் ஃபைல் வச்சேன், ரீபூட் பண்ணினா அதே மங்கல் ஸ்கிரீன். ஃபைல் இருக்கு, பேர் சரி, இடம் சரி, ஆனா லாக்ல அதே மைனஸ் 2. ரெண்டு ராத்திரி, மில்லுல ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பதினோரு மணிக்கு உட்கார்ந்தா ஒரு மணி வரைக்கும் இதே வேலை. அப்புறம்தான் புரிஞ்சுது, கிராஃபிக்ஸ் டிரைவர் பூட் ஆரம்பத்துலயே எந்திரிச்சிடுது, அப்ப டிஸ்க் இன்னும் திறக்கல, இனிட்ராம்எஃப்எஸ்னு ஒரு சின்ன மூட்டைக்குள்ள இருக்கிறது மட்டும்தான் அதுக்குக் கிடைக்கும். நான் ஃபைலை வீட்டுக்குள்ள வச்சிருக்கேன், அது வாசல்ல நின்னு தேடுது. இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கிற கட்டளைய ஒரு தடவை அடிச்சதும் ஸ்கிரீன் பளிச்னு வந்துச்சு. ஃபேர்ம்வேர்ல கை வச்சா இந்த மூட்டைய மறுபடி கட்டணும், இதை யாராவது முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு ராத்திரி மிச்சம்.

ஆனா ஃபேன் சத்தம் நிக்கல. வீடியோ ஓடினா விக்கி விக்கி ஓடுது. கர்னல் ஓகே, ஃபேர்ம்வேர் ஓகே, மூணாவதா மீசான்னு ஒண்ணு இருக்கு, படம் வரையற லைப்ரரி, அதுக்கும் புது கிராஃபிக்ஸைத் தெரிஞ்சிருக்கணும். டெபியன் 12-ல இருந்த மீசா 22.3. அதுக்குத் தெரியலன்னா எல்லாத்தையும் சிபியூவ வச்சே வரையும், அதான் ஃபேன் கத்துது, பேட்டரி கரையுது. அங்கதான் நான் நிறுத்தினேன். அடியில பழசு, மேல புதுசு, நடுவுல நான் கையால வச்ச ஃபைல்னு ஒட்டுப்போட்ட மெஷினை அவ கையில குடுத்து ஹாஸ்டலுக்கு அனுப்புனா, ஒரு அப்டேட்ல ஏதாவது உடைஞ்சா அவ யாருகிட்ட போவா? டெபியன் மேல எனக்கு இருக்கிற பாசம் அவளுக்கு அசைன்மென்ட் செஞ்சு குடுக்காது.

ஏப்ரல் 15 ஃபெடோரா 42 வந்துச்சு, கர்னல் 6.14. அந்த கர்னலே மார்ச் 24-தான் வெளிவந்தது, மூணு வாரக் குழந்தை. லைவா பூட் பண்ணினேன், வைஃபை, டச்பேட், ஸ்கிரீன், பிரைட்னஸ் எல்லாம் நான் ஒண்ணும் செய்யாமலே வந்துச்சு. நான் ரெண்டு வாரம் கையால செஞ்சதெல்லாம் யாரோ எங்கேயோ முறையா செஞ்சு உள்ள சேர்த்து வச்சிருக்காங்க. லினக்ஸ் கர்னல் ஏறக்குறைய 9, 10 வாரத்துக்கு ஒரு தடவை புதுசா வரும், அதனால புது மெஷின்ல இன்னைக்கு வராதது ரெண்டு மூணு மாசத்துல தானா வர வாய்ப்பு நிறைய. ஃபெடோரா, ஆர்ச் மாதிரி டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) அந்த கர்னலை சீக்கிரம் நம்ம கையில குடுத்திடும், டெபியன் குடுக்காது, அது டெபியனோட குறை இல்ல, அதோட வேலையே அசையாம இருக்கிறதுதான். கோயில் மண்டபத்துல அந்த 8 மெஷினும் அசையாம இருக்கிறதாலதான் நான் நிம்மதியா கிளாஸ் எடுக்கிறேன், ஆகஸ்ட் 9 டெபியன் 13 வந்த பிறகு அதுங்களுக்கும் 6.12 கிடைச்சுது.

ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. வைஃபை இல்ல, சவுண்ட் இல்ல, ஸ்கிரீன் மங்கல்னு கிடந்த அந்த முதல் நாள்லயும் தமிழ் 99 கீபோர்டு மட்டும் வேலை செஞ்சுது. எழுத்து விஷயத்துல முன்னாடியே யாரோ உட்கார்ந்து வேலை பாத்துட்டுப் போயிருக்காங்க, அதுக்கு எந்த சிப்பும் தேவைப்படல. அவ அந்த மங்கல் ஸ்கிரீன்ல தன் பேரைத் தமிழ்ல அடிச்சுப் பாத்துட்டு, இது வருது மாமான்னா.

ஃபெடோராவுல ரெண்டு பிரச்சனை மிச்சம். ஒண்ணு ஸ்பீக்கர். இயர்போன் போட்டா கேக்குது, கழட்டினா மௌனம். இந்த மாதிரி மெஷின்ல ஸ்பீக்கருக்குத் தனியா ஒரு ஆம்ப் சிப்பு இருக்கும், அதை எப்படி எழுப்பணும்னு மாடலுக்கு மாடல் மாறும், கர்னல் சவுண்ட் டிரைவர்ல லேப்டாப் மாடலோட சப்சிஸ்டம் நம்பரை வச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதி வச்சிருக்காங்க. நம்ம மாடலுக்கு வரி இல்ல. சவுண்ட் விவரத்தைத் திரட்டுற அல்சா-இன்ஃபோங்கிற ஸ்கிரிப்டை ஓட்டி, வந்ததை அப்படியே கர்னல் பக்ஸில்லாங்கிற பிழை சொல்ற தளத்துல ரிப்போர்ட்டா போட்டேன், எனக்கு இங்கிலீஷ் சுமார்தான், ஆனா அவங்களுக்கு வேணும்கிறது நம்பரும் லாக்கும்தான், இலக்கியம் இல்ல. ஒன்பது நாள் கழிச்சு முகம் தெரியாத ஒருத்தர் பதில் போட்டாரு, முந்தின மாடலுக்கு எழுதின வைத்தியத்தை இதுலயும் வச்சுப் பாருங்க, மாட்யூல் ஆப்ஷன்ல இந்த ஒரு வரியைப் போடுங்கன்னு. அவ ஹாஸ்டல்ல, நான் இங்க, வாட்ஸ்அப்ல வீடியோ கால் போட்டு அவளையே அடிக்க வச்சேன். ரீபூட் பண்ணி ஒரு பாட்டைப் போட்டா, அந்தப் பக்கம் அவ ரூம்மேட்டுங்க கத்துற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வேலை செய்யுதுன்னு அவருக்கு எழுதினோம், அவர் அந்த வரியை உள்ள சேர்க்க அனுப்பினாரு, ரெண்டு மாசத்துல சாதாரண அப்டேட்லயே அது வந்துடுச்சு, நாங்க வச்ச ஆப்ஷனைக் கழட்டிட்டோம். அதே மாடல் வச்சிருக்கிற எல்லாருக்கும் இப்ப அந்த வரி இருக்கு. கழட்ட மறக்காதீங்க, பழைய ஒட்டு பின்னாடி புதுசைக் கெடுக்கும், நீங்க என்னென்ன கையால மாத்தினீங்கன்னு தேதியோட எழுதி வையுங்க.

ரெண்டாவது தூக்கம். மூடி பையில வச்சு ஈப்போ பஸ் ஏறுவா, இறங்கும்போது பை சூடா இருக்கும், பேட்டரி பாதி காலி. பழைய மெஷின்ல தூக்கம்னா எஸ்3, மெமரிக்கு மட்டும் கரண்ட் போகும். புதுசுல பெரும்பாலும் அதை எடுத்துட்டு எஸ்2-ஐடில்னு வச்சிருக்காங்க, எல்லா சிப்பும் தானா அடங்கணும், ஒண்ணு அடங்கலன்னாலும் மெஷின் முழிச்சுக்கிட்டே இருக்கும். உங்க மெஷின்ல எது இருக்குன்னு பாக்க சிஸ் ஃபோல்டருக்குள்ள பவர், அதுக்குள்ள மெம்-ஸ்லீப் ஃபைலைத் திறங்க, டீப்னு வார்த்தையே இல்லன்னா எஸ்3 கிடையாது. இதுக்கு மருந்து பாதி கர்னல்ல, பாதி பயாஸ்ல. சில மாடலுக்கு எஃப்டபிள்யூயூபிடிங்கிற (fwupd) கருவி வழியா லினக்ஸ்லேர்ந்தே பயாஸ் அப்டேட் பண்ணலாம், இந்த மாடல் அந்தப் பட்டியல்ல இல்ல. நல்லவேளை விண்டோஸை அழிக்காம 100 ஜிபி ஓரமா வச்சிருந்தோம், அதுக்குள்ள போய் பண்ணினோம். புது மெஷின்னா முதல் ஒரு வருஷத்துக்காவது விண்டோஸை வையுங்க, பயாஸ் திருத்தம் அந்த வருஷத்துலதான் அதிகமா வரும். பண்றப்போ காலையில பண்ணுங்க, பேட்டரி நிறைய, சார்ஜர் சொருகி. நம்ம ஊர்ல மத்தியானம் தாண்டினா இடிதான், பயாஸ் எழுதுற நேரத்துல கரண்ட் போய் மெஷினும் அணைஞ்சா போர்டே போயிடும். அப்டேட்டுக்கு அப்புறம் ராத்திரி முழுக்க மூடி வச்சா 7, 8 சதவீதம்தான் இறங்குது.

போன மாசம் எங்க தெரு அண்ணே மகனுக்கு லேப்டாப் வாங்க என்னைக் கூட்டிட்டுப் போனாரு. இந்தத் தடவை பாக்கெட்ல ஃபெடோரா யூஎஸ்பியோட போனேன். கடைத் தம்பிகிட்ட, தம்பி, டிஸ்பிளே மெஷின்ல பத்து நிமிஷம் இதைப் போட்டுப் பாக்கட்டுமா, உள்ள எதையும் தொட மாட்டேன்னு கேட்டேன், மேனேஜரைக் கேட்டுட்டு சரின்னுட்டான். ரெண்டு மெஷின் பாத்தோம். வைஃபை லிஸ்ட் வருதா, ரெண்டு விரல்ல ஸ்க்ரோல் ஆகுதா, ஸ்பீக்கர்ல சத்தம் வருதா, மைக், கேமரா, பிரைட்னஸ் பட்டன், மூடித் திறந்தா எந்திரிக்குதா. புது மாடல்ல கேமரா வரல. அதுக்கு முந்தின வருஷ மாடல்ல எல்லாம் வந்துச்சு, விலையும் 600 வெள்ளி குறைவு, ராமும் கூட. அண்ணே அதைத்தான் எடுத்தாரு.

அக்கா மக மெஷின்ல விரல் ரேகை ரீடர் மட்டும் இன்னும் வரல. விரல் ரேகை ரீடருக்கான லிப்-எஃப்பிரிண்ட் லைப்ரரி ஆதரிக்கிற சாதனப் பட்டியல்ல அந்த நம்பர் இல்ல. நோட்டுப் புத்தகத்துல அந்த ஒரு நம்பருக்கு எதிரா மட்டும் டிக் போடாம விட்டு வச்சிருக்கேன், ஒவ்வொரு தடவை லீவுக்கு வர்றப்பவும் அவ அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்துட்டு, பட்டியல்ல வந்துடுச்சா மாமான்னு கேக்குறா.